செய்தியும் சேனையும்
(லெய்டே வளைகுடாப் போர் உணர்த்தும் பாடம்)

படை பெரிது, படைக்கலம் அதனினும் பெரிது, படைத்தலைவனின் வீரமே எல்லாவற்றினும் பெரிது என்று எண்ணுவது உலக இயல்பு. பரணி பாடிய நம் புலவர்களும் யானைப் படையின் பெருமையையும் வாள் வீரரின் ஆண்மையையுமே விரித்துரைத்தனர். ஆயினும் திருவள்ளுவப் பெருந்தகை, பொருட்பாலில் படைமாட்சிக்கும் படைச்செருக்கிற்கும் அதிகாரங்கள் வகுத்தது போலவே, ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் தூதுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பதும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருப்பின் அதனை நம்பலாம் என்பதும் அவர்தம் கருத்து. செய்தியைப் பெறுவது ஒரு கலை. பெற்றதைத் தேர்வது வேறொரு கலை. தேர்ந்ததை உரியவரிடம் உரிய காலத்தில் சேர்ப்பது மூன்றாவது கலை.

ஒரே தலைவனின் கீழ் ஒரே படை பொருதிய பழங்காலத்திலேயே இக்கலை அரிதாயிருந்தது எனில், தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றும் கூடிப் பொரும் இக்காலத்தில் இஃது எத்துணை அரிது என்று சொல்லவும் வேண்டுமோ? ஒவ்வொரு படைக்கும் தனி மரபு, தனிச் சங்கேத மொழி, தனித் தந்தி நிலையம், தனிப் பெருமிதம். இவற்றினிடையே ஒரு செய்தி முறிந்து போயின் உயிர்கள் பல மாயும். இவ்வுண்மையை விளக்க, இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் பிலிப்பைன் தீவுகளையடுத்து நிகழ்ந்த லெய்டே வளைகுடாப் போரினும் சிறந்த சான்று வேறில்லை என்பது அடியேன் கருத்து. 1944 அக்டோபர் 23 முதல் 26 வரை நடந்த அப்போர் வரலாற்றின் மிகப் பெரிய கடற்போர்களுள் ஒன்று. அதில் வென்றவர் அமெரிக்கர், தோற்றவர் ஜப்பானியர். ஆனால் செய்தியைக் கையாண்ட திறத்தில் இரு திறத்தாருமே தவறினர்.

இரு தலைவர், இரு கடற்படை

1944 அக்டோபர் 20ஆம் நாள் ஜெனரல் மெக்கார்தரின் தலைமையில் அமெரிக்கத் தரைப்படை லெய்டே தீவில் இறங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரரும், அவர்க்கு வேண்டிய உணவும் மருந்தும் வெடிமருந்தும் ஏற்றிய கப்பல்களும் அவ்வளைகுடாவில் வந்து குவிந்தன. இவற்றைக் காக்க இரண்டு கடற்படைகள் இருந்தன. வைஸ் அட்மிரல் கிங்கெய்டின் ஏழாவது கடற்படை மெக்கார்தரின் ஆணைக்கு உட்பட்டது. அட்மிரல் ஹால்ஸியின் மூன்றாவது கடற்படையோ, ஹவாய்த் தீவின் பெர்ல் துறைமுகத்தில் இருந்த அட்மிரல் நிமிட்ஸின் ஆணைக்கு உட்பட்டது. பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களும் விரைவுப் போர்க்கப்பல்களும் ஹால்ஸியிடம் இருந்தன. பழைய போர்க்கப்பல்களும் சிறிய விமானந்தாங்கிகளும் கிங்கெய்டிடம் இருந்தன.

இவ்விருவருக்கும் பொதுவான மேலதிகாரி பசிபிக் மாகடல் முழுதிலும் எவரும் இலர். பொதுத் தலைமையைத் தேடினால் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வாஷிங்டன் மாநகருக்கே செல்ல வேண்டும். ஹால்ஸிக்கு நிமிட்ஸ் விதித்த கட்டளையிலும் இரு பொருள் இருந்தது. மெக்கார்தரின் படைகளுக்குத் துணை நிற்க வேண்டும் என்பது ஒன்று. பகைவரின் கடற்படையில் பெரும்பகுதியை அழிக்கும் வாய்ப்பு நேர்ந்தால் அதுவே தலையாய கடமை என்பது மற்றொன்று. காவலா, வேட்டையா என்னும் வினாவைத் தீர்க்கும் பொறுப்பு ஒரு தனி மனிதரின் மனப்போக்கிற்கே விடப்பட்டது.

அடுத்துள்ள கடற்பரப்பில் நின்ற இவ்விரு தலைவரும் ஒருவரோடொருவர் நேரே தந்திப் போக்குவரவு கொள்ளவும் வழியில்லை. கிங்கெய்டின் செய்தி தென்திசையில் மானுஸ் தீவிலிருந்த வானொலி நிலையத்திற்குச் சென்று, அங்கே வரிசையில் காத்திருந்து, பின்னர் ஹால்ஸிக்கு ஒலிபரப்பாக வேண்டும். அவசரச் செய்திகள் அங்கே மலைபோற் குவிந்தன. ஒரு மணி, இரண்டு மணி, சிலபோது அதற்கும் மேலாகத் தாமதம் நேர்ந்தது. முன்னர் அனுப்பியது பின்னரும், பின்னர் அனுப்பியது முன்னரும் வந்து சேர்ந்தன. பக்கத்து வீட்டாரிடம் நெருப்பு என்று சொல்ல, அடுத்த ஊர் வழியே ஆளனுப்பிய கதைதான் இது.

மறைத்த செய்தி

ஜப்பானியரின் நிலை இதனினும் பரிதாபமானது. அங்கே தரைப்படையும் கடற்படையும் கீரியும் பாம்பும் போன்றவை. 1942இல் மிட்வே போரில் தான் இழந்த கப்பல்களின் முழு விவரத்தைக் கடற்படை வெளியே விடாது மூடி மறைத்தது. அதே வழக்கம் 1944இலும் தொடர்ந்தது.

லெய்டேயில் அமெரிக்கர் இறங்குவதற்குச் சில நாள் முன்னர், அக்டோபர் 12 தொடங்கி, பார்மோசாத் தீவையடுத்து ஒரு பெரும் விமானப் போர் நிகழ்ந்தது. பயிற்சி குறைந்த ஜப்பானிய இளம் விமானிகள், இருளில் எரிந்து வீழ்ந்த தம் விமானங்களின் நெருப்பையே எதிரிக் கப்பல்கள் எரிவதாக எண்ணினர் போலும். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் பத்துக்கு மேல் மூழ்கிவிட்டன என்ற செய்தி தோக்கியோவை எட்டியது. நகரெங்கும் வெற்றி விழா. உண்மையில் அமெரிக்கக் குரூசர்கள் இரண்டு படுகாயமுற்று இழுத்துச் செல்லப்பட்டன; போர்க்கப்பல் ஒன்றேனும் மூழ்கவில்லை.

பொய்ச் செய்தி பரவுவது போரில் புதிதன்று. இங்கே நேர்ந்த கேடு அதன் பின்னர் விளைந்தது. வேவு விமானங்கள் மீண்டும் சென்று பார்த்தபோது எதிரியின் விமானந்தாங்கிகள் பழுதின்றி நிற்பதைக் கடற்படைத் தலைமையகம் உணர்ந்தது. ஆனால் உணர்ந்ததைத் தரைப்படைக்கு உரைக்கவில்லை! பிலிப்பைனின் பெருந்தீவான லூஸானில் இறுதிப் போர் புரிவதென்று தரைப்படை முன்னர் வகுத்திருந்த திட்டம், கடலில் எதிரி ஒழிந்தான் என்ற நம்பிக்கையால் மாற்றப்பட்டது. லெய்டேயிலேயே பொருது முடிப்போம் என்று ஆணை பிறந்தது. லூஸானில் இருந்த தளபதி யமஷிட்டா தடுத்துரைத்தும் பயனில்லை. கடல் கடந்து லெய்டேக்கு அனுப்பப்பட்ட பட்டாளங்களில் வழியிலேயே மூழ்கியோர் பலர். கரை சேர்ந்தும் பசியாலும் பிணியாலும் குண்டாலும் மாண்டோர் எண்ணிறந்தோர். தவறான செய்தியைச் சொன்ன விமானியை மன்னிக்கலாம். தவறு என்று அறிந்த பின்னும் வாய் மூடியிருந்த அலுவலகத்தை எவ்வாறு மன்னிப்பது?

நான்கு திசைப் படையெடுப்பு

ஜப்பானியக் கூட்டுக் கடற்படையின் தலைவர் டொயோடா வகுத்த திட்டம் நுட்பமானது. அட்மிரல் ஓசாவா வடக்கேயிருந்து நான்கு விமானந்தாங்கிகளுடன் வர வேண்டும். அவற்றில் விமானங்கள் நூற்றுச் சொச்சமே இருந்தன. அவை வெறும் தூண்டில் இரை. அவ்விரையை நாடி ஹால்ஸி வடக்கே ஓட, நடுவழியாக ஸான் பெர்னார்டினோ நீரிணையினூடே அட்மிரல் குரிட்டாவும், தெற்கே ஸுரிகாவோ நீரிணையினூடே நிஷிமுராவும் புகுந்து, வளைகுடாவில் நிற்கும் கப்பல்களை இடுக்கியில் அகப்பட்டதுபோல் நசுக்க வேண்டும். ஷீமா என்னும் நான்காமவரும் தெற்கு வழியே வந்தார். ஆனால் அவர் வேறொரு தலைமையின் கீழ் இருந்தார். நிஷிமுராவுக்குச் சில மணி நேரம் பின்னால், ஒரே வழியில், ஒரே பகைவனை நோக்கிச் சென்றும் அவ்விருவரும் தம்முள் ஒரு திட்டம் பேசிக் கொள்ளவில்லை.

இத்தகைய திட்டம் கடிகாரம் போல் ஓட வேண்டுமாயின், நால்வரும் ஒருவர் நிலையை ஒருவர் அறிந்துகொண்டே இருத்தல் வேண்டும். ஆனால் தொடக்கத்திலேயே அபசகுனம் நேர்ந்தது. அக்டோபர் 23 விடியற்காலையில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலொன்று குரிட்டாவின் கொடிக்கப்பலான அடாகோவை மூழ்கடித்தது. குரிட்டா கடலில் நீந்தி உயிர் தப்பினார். பின்னர் யமட்டோ என்னும் மாபெருங் கப்பலுக்கு மாறினார். ஆனால் அவருடைய தந்தி அலுவலர் பலரை அவர் இழந்தார். தலைவன் உயிரோடு இருந்தான். அவன் செவி பாதி போயிற்று.

ஒரு சொல்லின் விலை

அக்டோபர் 24 பகல் முழுதும் ஹால்ஸியின் விமானங்கள் குரிட்டாவைத் தாக்கின. யமட்டோவின் உடன்பிறப்பான முசாஷி மூழ்கியது. பிற்பகல் மூன்றரை மணியளவில் குரிட்டா மேற்கே திரும்பினார். அவர் ஓடிவிட்டார் என்று விமானிகள் மகிழ்ந்து அறிவித்தனர். உண்மையில் அவர் இரண்டு மணி நேரத்திற்குள் மறுபடியும் கிழக்கே திரும்பிவிட்டார்.

அன்று பிற்பகல் 3 மணி 12 நிமிடத்திற்கு ஹால்ஸி தம் கீழ்த் தளபதியர்க்கு ஒரு செய்தி விடுத்தார். விரைவுப் போர்க்கப்பல்கள் நான்கும் துணைக் கப்பல்களும் சேர்ந்து, வைஸ் அட்மிரல் லீயின் தலைமையில் ‘முப்பத்து நான்காம் பணிப்படை’யாக அமைக்கப்படும் என்பது அதன் சாரம். இது ஹால்ஸி மனத்தில் கொண்ட ஏற்பாடு. தேவை எழுந்தபோது தாம் ஆணையிட்டால் அமைய வேண்டியது. இச்செய்தி கிங்கெய்டுக்கு முகவரியிட்டதன்று; ஆயினும் அவருடைய தந்தி அறை அதனைச் செவிமடுத்தது. பெர்ல் துறைமுகத்தில் நிமிட்ஸும் படித்தார். அமைக்கப்படும் என்னும் எதிர்காலச் சொல்லை அனைவரும் அமைந்துவிட்டது என்றே பொருள் கொண்டனர். நான்கு போர்க்கப்பல்கள் ஸான் பெர்னார்டினோ வாயிலில் துவாரபாலகர் போல் நிற்பதாக எல்லோரும் நிம்மதி அடைந்தனர்.

பின்னர் ஹால்ஸி, தாம் ஆணையிட்டாலன்றி அப்படை அமையாது என்று விளக்கம் கூறினார். ஆனால் அதனைக் குறுந்தூர வானொலியில் தம் கப்பல்களுக்கு மட்டுமே கூறினார். முதற் செய்தியைக் கேட்ட கிங்கெய்டுக்கும் நிமிட்ஸுக்கும் திருத்தம் எட்டவில்லை. செய்தி சென்ற இடமெல்லாம் திருத்தமும் செல்ல வேண்டும் என்னும் எளிய விதி அங்கே மறக்கப்பட்டது.

மாலையில் ஓசாவாவின் விமானந்தாங்கிகள் வடக்கே தென்பட்டன. ஹால்ஸி இரையைக் கவ்வினார். இரவு எட்டரை மணியளவில், மூன்று தொகுதிகளுடன் வடக்கே செல்வதாகக் கிங்கெய்டுக்குத் தெரிவித்தார். மூன்று விமானந்தாங்கித் தொகுதிகள் வடக்கே செல்கின்றன, போர்க்கப்பல்கள் நான்கும் வாயிலில் நிற்கின்றன என்று கிங்கெய்ட் கணக்கிட்டார். உண்மையில் ஹால்ஸி ஒரு படகையும் விட்டுச் செல்லவில்லை.

ரயில்வேயில் பணியாற்றும் அன்பர்கட்கு இதன் பொருள் உடனே விளங்கும். வண்டி வரும் என்பது வேறு. வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்பது வேறு. முன்னதைப் பின்னதாகக் கொண்டு எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் கொடார். அடுத்த நிலையத்தார் தம் வாயால் சொல்லி, பிரைவேட் நம்பரும் தந்து, அதனைப் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பின்னரே கைகாட்டி இறங்கும். பிறர்க்குப் போகும் தந்தியை ஒட்டுக் கேட்டு, அதனைத் தமக்கு வந்த உறுதிமொழியாகக் கொள்வது நம் விதிநூலில் எங்கும் இல்லை. ஒரு சிறு கிளைப்பாதையில் ஓடும் பாசஞ்சர் வண்டிக்கு நாம் காட்டும் எச்சரிக்கையை, அன்று லட்சம் உயிர்களைக் காக்க நின்ற இரு பெருங் கடற்படைகள் காட்டவில்லை.

அன்றிரவு ஹால்ஸியின் வேவு விமானமொன்று, குரிட்டாவின் கப்பல்கள் மீண்டும் நீரிணையை நோக்கி வருவதையும், பல நாளாய் அணைந்திருந்த நீரிணை விளக்குகள் எரிவதையும் கண்டு அறிவித்தது. லீ எச்சரிக்கை அனுப்பினார். செய்தி கிடைத்தது என்ற ஒற்றை விடையே வந்தது. வேறு சில அதிகாரிகளும் ஐயுற்றனர். ஆனால் முடிவு செய்துவிட்ட தலைவரின் செவியில் புதுச் செய்தி ஏறவில்லை. செய்தி வந்து சேராமையினும், வந்த செய்தி மனத்தில் சேராமை கொடிது.

விடியலில் வந்த இடி

நள்ளிரவு கடந்து தெற்கே ஸுரிகாவோ நீரிணையில் நிஷிமுரா அழிந்தார். கிங்கெய்டின் கீழ்ப் பணியாற்றிய ஓல்டெண்டார்ப் ஆறு பழைய போர்க்கப்பல்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். அவற்றுள் ஐந்து, 1941இல் பெர்ல் துறைமுகத்தில் அடிபட்டுப் பின் மீட்கப்பட்டவை. ஒரே தலைமை, ஒரே திட்டம், வேவுப் படகுகள் முதல் பெருங் கப்பல்கள் வரை முறையாக வந்த செய்தி — இவை இருந்த இடத்தில் வெற்றி குறைவின்றி வந்தது. பின்னால் வந்த ஷீமா, எரியும் கப்பல்களைக் கண்டு, அவற்றிலொன்றோடு மோதியும் கொண்டு, திரும்பிச் சென்றார்.

அந்த வெற்றிக் களிப்பினிடையே விடியற்காலை நான்கு மணிக்குக் கிங்கெய்ட் தம் அதிகாரிகளைக் கூட்டி, நாம் ஏதேனும் மறந்தோமா என்று வினவினார். ஸான் பெர்னார்டினோவை லீ காக்கிறாரா என்று ஹால்ஸியை நாம் நேரே கேட்டதேயில்லை என்று ஒருவர் சுட்டினார். 4 மணி 12 நிமிடத்திற்கு வினா புறப்பட்டது. மானுஸ் வழியே சுற்றி அது ஹால்ஸியிடம் சேர்ந்தபோது மணி 6.48. இல்லை, அக்கப்பல்கள் எம்மோடு உள்ளன என்ற விடை ஏழு மணிக்கு மேல் புறப்பட்டது. அதற்குள் குரிட்டாவின் பீரங்கிகள் முழங்கத் தொடங்கிவிட்டன.

சாமார்த் தீவின் அருகே ரியர் அட்மிரல் ஸ்பிரேக்கின் சிறு படை நின்றது. ஆறு சிறு விமானந்தாங்கிகள், மூன்று டெஸ்டிராயர்கள், நான்கு துணைக் காவற்கப்பல்கள், இவ்வளவே. தரையில் போரிடும் சிப்பாய்க்கு வானிலிருந்து உதவுவதும், நீர்மூழ்கிகளைத் தேடுவதுமே அவற்றின் பணி. அவற்றின் எதிரே நான்கு போர்க்கப்பல்களும், குரூசர்களும், டெஸ்டிராயர்களும் அடிவானில் எழுந்தன. யமட்டோவின் பீரங்கி வாய் பதினெட்டு அங்குலம். ஸ்பிரேக்கின் விமானந்தாங்கிகளுக்கோ ஆளுக்கு ஓர் ஐந்தங்குலப் பீரங்கி. யாரும் இல்லாத வாயிலைக் காவல் உள்ளதென்று நம்பியதன் விலையை அம்மாலுமிகள் கொடுக்க நேர்ந்தது.

அவர்கள் கொடுத்த விதம் வீர வரலாற்றில் நின்று நிலவத் தக்கது. ஜான்ஸ்டன் என்னும் டெஸ்டிராயரின் தலைவர் எவன்ஸ், மேலாணைக்குக் காத்திராது தம் ஒற்றைக் கப்பலைப் பகைக் கூட்டத்தின் மேல் செலுத்தினார். ஹோயலும், சாமுவேல் ராபர்ட்ஸ் என்னும் சிறு காவற்கப்பலும் தொடர்ந்தன. விமானிகள் குண்டு தீர்ந்த பின்னும் வெறும் விமானத்தோடு பாய்ந்து பாய்ந்து பகைவரைக் குழப்பினர். இரண்டு மணி நேரத்திற்கு மேல் நடந்த அப்போரில் இம்மூன்று கப்பல்களும் காம்பியர் பே என்னும் விமானந்தாங்கியும் மூழ்கின. எவன்ஸ் மீளவில்லை. அன்றே பின்னர், தற்கொலை விமானம் மோதி, ஸெயின்ட் லோ என்னும் விமானந்தாங்கியும் மூழ்கியது.

வாலில் ஒட்டிய சொற்கள்

உதவி கோரிக் கிங்கெய்ட் மேன்மேலும் தந்தி அனுப்பினார். சங்கேத மொழியில் எழுத நேரமின்றி, வெட்டவெளி ஆங்கிலத்திலேயே லீ எங்கே, லீயை அனுப்புக என்று முறையிட்டார். அவை முன்பின்னாக ஹால்ஸியிடம் சேர்ந்தன. பத்து மணியளவில் நிமிட்ஸிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதன் கதை, எழுதுவினைஞர் ஒவ்வொருவரும் அறியத் தக்கது.

முப்பத்து நான்காம் பணிப்படை எங்கே என்று வினவுவதே நிமிட்ஸின் கருத்து. அவர் குரலில் அழுத்தத்தைக் கண்ட எழுத்தர், எங்கே என்பதை இருமுறை எழுதினார் என்பர். சங்கேதமாக்கும் அலுவலர், பகைவர் எளிதில் உடைக்காதிருக்கும் பொருட்டு முன்னும் பின்னும் பொருளற்ற சொற்களைச் சேர்ப்பது வழக்கம். அவர் பின்னே சேர்த்த சொற்கள், உலகம் வியக்கிறது என்று பொருள்படுவன. பெறுமிடத்தில் தந்தி அலுவலர் முன்சேர்க்கையை நீக்கினார். பின்சேர்க்கையோ, பிரிவுக் குறி இருந்தும், செய்தியின் பகுதி போலவே பொருந்தியிருந்ததால் ஐயுற்று, நீக்காது விட்டார். விளைவு யாது? பணிப்படை எங்கே, எங்கே, உலகம் வியக்கிறது என்று மேலதிகாரி ஊரறிய ஏளனம் செய்ததாக ஹால்ஸி படித்தார். தொப்பியைக் கழற்றித் தரையில் வீசினார், விம்மினார். அவருடைய தலைமை உதவியாளர் தோளைப் பற்றி உலுக்கி அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று.

ஒரு மணி நேரத்திற்கு மேல் கழிந்த பின்னரே, பதினொன்றே கால் மணியளவில் போர்க்கப்பல்கள் தெற்கே திரும்பின. அப்போது ஓசாவாவின் எஞ்சிய கலங்கள் ஏறத்தாழ 40 மைல் தொலைவிலேயே இருந்தன. நள்ளிரவு கடந்து நீரிணையை அடைந்தபோது குரிட்டா சில மணி நேரத்திற்கு முன்னரே தப்பிச் சென்றிருந்தார். வலிமை மிக்க அப்போர்க்கப்பல்கள் வடக்கேயும் பொருதில, தெற்கேயும் பொருதில. நாள் முழுதும் இரு போருக்கும் இடையே ஓடியே கழித்தன.

குரிட்டா திரும்பியது ஏன்?

வாயிற்கதவு திறந்திருக்க, வெற்றி கையெட்டும் தூரத்தில் இருக்க, குரிட்டா ஏன் திரும்பினார்? காரணம் பல கூறுவர். எல்லாவற்றினும் முதன்மையானது செய்தியின்மையே. ஹால்ஸி இரையை விழுங்கி வடக்கே வந்துவிட்டார் என்னும் ஓசாவாவின் செய்தி குரிட்டாவுக்குக் கிட்டவில்லை. இரை தன் கடமையை முற்றச் செய்தது. நான்கு விமானந்தாங்கிகளும் அதற்காக மூழ்கின. ஆனால் அத்தியாகத்தின் பயனைப் பெற வேண்டியவர் அதனை அறியவில்லை. எதிரே உள்ள சிறு கப்பல்களையே ஹால்ஸியின் பெரும்படை என்று அவர் நம்பினார். போதாக்குறைக்கு, வடக்கே மற்றொரு விமானந்தாங்கிப் படை உளது என்ற ஒரு செய்தியும் வந்தது. அதனை அனுப்பியவர் யார் என்பது இன்றளவும் துலங்கவில்லை. இல்லாத அப்படையைத் தேடிச் சென்று, காணாது, வந்த வழியே மீண்டார்.

அமெரிக்கரைக் காத்தது அவர்தம் செய்தி முறையன்று. எதிரியின் செய்தி முறை தம்மினும் சீர்கெட்டிருந்ததே என்பது இதனால் விளங்கும்.

மறக்கப்பட்ட மாலுமிகள்

போர் முடிந்தும் துயரம் முடியவில்லை. மூழ்கிய கப்பல்களிலிருந்து உயிர் தப்பியோர் தெப்பங்களைப் பற்றிக்கொண்டு கடலில் மிதந்தனர். அவர்கள் இருந்த இடத்தை விமானி ஒருவர் தவறாகக் குறித்து அறிவித்தார். தேடச் சென்றவர் வேற்றிடத்தில் தேடினர். ஒருவர் அனுப்பியிருப்பார் என்று மற்றவர் இருந்தனர். இரண்டு பகல், இரண்டு இரவு. வெயில், உப்பு நீர், புண், சுறாமீன்கள்! 27ஆம் நாள் காலையிலேயே சிறு படகுகள் வந்து எஞ்சியோரை மீட்டன. பகைவர் குண்டுக்குத் தப்பியவர்கள் பிழையான இடக்குறிப்பு ஒன்றினால் மாண்டனர்.

ஜான்ஸ்டன் கப்பலின் சிதைவுகள் 6,400 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடப்பது 2021இல் உறுதி செய்யப்பட்டது. சாமுவேல் ராபர்ட்ஸ் 2022இல் ஏறத்தாழ 6,900 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்டது. இமயத்தின் உயரத்தோடு ஒப்பிடத் தக்க அவ்வாழத்தில், சேராத தந்திகளின் சாட்சியாக அவை துயில்கின்றன.

நம் நாட்டின் அனுபவம்

இவை பிற நாட்டார் கதை என்று நாம் வாளாவிருத்தற்கில்லை. 1971 டிசம்பர்த் திங்களில் வங்கதேச விடுதலைப் போரின்போது, ஒரே வாரத்தில் நன்மையும் தீமையும் ஆகிய இரு சான்றுகள் நமக்குக் கிடைத்தன. டிசம்பர் 10ஆம் நாள், குல்னா நகரை நோக்கி ஆற்று வழியே சென்ற பத்மா, பலாஷ் என்னும் முக்தி வாகினியின் பீரங்கிப் படகுகளை, பகைவர் கலங்களென மயங்கி நம் விமானங்களே தாக்கின. நண்பர் கையால் நண்பர் மாண்டனர். வங்கதேசத்தின் தலையாய வீர விருதினை இறந்தபின் பெற்ற ருஹுல் அமீன் அவர்களுள் ஒருவர். நான்கு நாள் கழித்து டிசம்பர் 14இல், டாக்கா ஆளுநர் மாளிகையில் முக்கிய ஆலோசனைக் கூட்டம் நிகழவிருப்பதாகப் பகைவரின் வானொலிச் செய்தியை நம்மவர் ஒட்டுக் கேட்டனர். அச்செய்தி சில மணி நேரத்திற்குள் விமானப்படையைச் சேர்ந்தது. அன்றே மாளிகை தாக்குண்டது. ஆளுநர் பதவி துறந்தார். அதே படைகள், அதே விமானங்கள், அதே வீரம். செய்தி சேர்ந்ததும் சேராததுமே வேறுபாடு.

1999இல் கார்கில் மலைமுகடுகளில் பகைவர் ஊடுருவியதை நாம் காலத்தில் உணரவில்லை. மலைமேல் ஏறி, குருதி சிந்தி, அவற்றை மீட்ட நம் வீரரின் புகழ் என்றும் வாழும். போர் முடிந்தவுடன் அரசு அமைத்த ஆராய்வுக் குழுவிற்குத் தலைமை தாங்கியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த தமிழர் கே. சுப்பிரமணியம் என்பது நமக்குப் பெருமை. செய்தித் துணுக்குகள் பல்வேறு நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்தன, அவற்றை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து உரியவர்க்கு வழங்கும் ஏற்பாடு குறைவாயிருந்தது என்று அக்குழு எடுத்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 2001இல் முப்படைகளுக்கும் பொதுவான ஒருங்கிணைந்த தலைமையகமும், 2002இல் பாதுகாப்புத்துறைப் புலனாய்வு நிறுவனமும் தோன்றின. முப்படைத் தலைமைத் தளபதி என்னும் பதவியை ஜெனரல் பிபின் ராவத் 2020 ஜனவரி முதல் நாள் ஏற்றார். லெய்டேயில் அமெரிக்கர்க்கு இல்லாதிருந்த பொதுத் தலைமையை நோக்கி நம் நாடு எடுத்து வைத்த அடிகள் இவை.

கற்க வேண்டியவை

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் சில உண்மைகள் புலனாகும். பொதுப் பணிக்குப் பொதுத் தலைமை வேண்டும். அஃதில்லாவிடில் நேர்வழித் தொடர்பாவது வேண்டும். செய்தியில் நிகழ்ந்ததும் நிகழவிருப்பதும் ஐயமறப் பிரிந்து நிற்க வேண்டும். திருத்தம், மூலச் செய்தி சென்ற இடமெல்லாம் செல்ல வேண்டும். ஊகித்ததை உறுதியென்று கொள்ளாது கேட்டுத் தெளிய வேண்டும். கிங்கெய்ட் மாலையிலேயே வினவியிருப்பின் விடியலின் துயரம் தவிர்ந்திருக்கும். தோல்விச் செய்தியை மறைப்பவன் தன் பெருமையைக் காப்பதில்லை; தோழன் உயிரைப் போக்குகிறான்.

கருவிகள் அன்றைக்கு இன்று பன்மடங்கு வளர்ந்துவிட்டன. விண்ணில் துணைக்கோள்களும், அறைக்கு அறை கணிப்பொறிகளும் உள்ளன. மானுஸ் நிலையத்தில் குவிந்த தந்திகள் நூற்றுக்கணக்கு எனில், இன்று ஒரு படைத் தலைமையகத்தில் குவியும் செய்திகள் அளவிடற்கரியன. எனவே கிட்டாத செய்தியினும் குவிந்த செய்தியில் புதைந்துபோன செய்தியே இனி அச்சந் தருவது. கருவி எதுவாயினும், எழுதும் கையும் படிக்கும் கண்ணும் மனிதருடையனவே.

போர்க்களத்தில் வீரர் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது; தந்தி அறையில் அமர்ந்து ஒரு சொல்லைப் பிழையின்றி எழுதியவன் பெயரை எவரும் அறியார். ஆயினும் அவன் பிழை செய்த அன்று என்ன நேரும் என்பதை லெய்டே காட்டிற்று. பல மாநிலத்தவரோடு கலந்து, பல மொழி பேசுவாரோடு தோள் சேர்த்துப் பணிபுரியும் நம் போன்றோர், நமக்கு அமைந்த மேசை சிறிதெனினும், அதன்மேல் வரும் செய்தியைச் செம்மையாய் வாங்கிச் செம்மையாய் வழங்குவோமாக. அதுவும் ஒரு நாட்டுப் பணியே.

வாழ்க பாரதம்! வளர்க தமிழ்!